நாத்து பச்ச பிடிக்க நாளாகும்: சித்தி, சித்தப்பா வர்ற வீட்ட சினிமா எப்படிக் காட்டுது

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு ஜில்லாதான், ஆனா வீட்டுல பேசுறது தமிழ், ரேஷன் கடையில பேசுறது மலையாளம், படம் பாக்கப் போறது ஒரு வாரம் பொள்ளாச்சி, ஒரு வாரம் பாலக்காடு. அதனால ரெண்டு ஊரு சினிமாவும் சின்ன வயசுலயே சேந்து உள்ள போயிருச்சு, கூடவே கேபிள்ல ஓடுற தெலுங்கு டப்பிங்கும்.

போன மாசம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அக்கா சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தியப் பத்தி சொல்லிட்டு இருந்தாங்க. "பாவம், ரெண்டு குழந்தைங்க இருக்குற எடத்துல போய்ச் சேந்துட்டா, அந்தக் குழந்தைங்களும் பாவம், இனி சினிமாவுல வர்ற மாதிரிதான்"னு. சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டுனாங்க. எந்த சினிமா, அதுல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. அந்தப் பொண்ணு இன்னும் அந்த வீட்டுல ஒரு தீபாவளி கூட பாக்கல, அதுக்குள்ள தீர்ப்பு எழுதியாச்சு.

எனக்கு ஏழு வயசுல அப்பா இறந்துட்டாரு. ஒம்பது வயசுல அம்மா மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அதனால இந்த விஷயத்த வெளிய நின்னு பேச எனக்கு வராது. சினிமா இத எப்படிக் காட்டுது, நெசத்துல அந்த வீட்டுக்குள்ள என்ன நடக்குது, ரெண்டுக்கும் எங்க இடைவெளி விழுதுன்னு ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதிப் பாக்குறேன்.

மொதல்ல பேரு

புருஷனோ பொண்டாட்டியோ, இல்ல ரெண்டு பேருமோ, முந்தின கல்யாணத்துல பொறந்த குழந்தையோட வந்து சேந்து நடத்துற குடும்பத்துக்கு இங்கிலீஷ்ல பிளெண்டட் ஃபேமிலின்னு பேரு. நான் கலப்புக் குடும்பம்னு சொல்றேன். தத்தெடுக்குறது வேற விஷயம், அதுல குழந்தைக்கு சட்டப்படியே புது அப்பா அம்மா கெடச்சிடுவாங்க. கலப்புக் குடும்பத்துல அப்படி இல்ல, பழைய அப்பாவோ அம்மாவோ உசுரோட இருக்கலாம், இல்ல போட்டோவுல இருக்கலாம், ரெண்டுல எதுன்னாலும் அவங்க எடம் அப்படியேதான் இருக்கும்.

நம்ம மொழியில ஒரு அழகான விஷயம் இருக்கு. சித்தின்னா அம்மாவோட தங்கச்சி. அப்பாவோட ரெண்டாவது சம்சாரமும் சித்திதான். பழைய காலத்துல பொண்டாட்டி இறந்துட்டா அவ தங்கச்சியவே கட்டி வெப்பாங்க, குழந்தைய வேற யாரு பாசமா பாத்துக்குவாங்கன்னு. அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே சொல் ஒட்டிக்கிச்சு. அந்தச் சொல்லுலயே ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க.

ஆனா அதே மொழிதான் மாற்றாந்தாய் மனப்பான்மைன்னும் சொல்லுது. தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு நிதி குடுக்கலன்னா அடுத்த நாள் பேப்பர்ல இந்த வார்த்த வரும். எங்க பக்கத்து மலையாளப் பேப்பர எடுத்தா அங்க சிற்றம்ம நயம்னு இருக்கும். ஆந்திரா பக்கம் சவதி தல்லி பிரேமம்பாங்க. மூணு மாநிலமும் தண்ணிக்கு அடிச்சுக்கும், இந்த ஒரு விஷயத்துல மட்டும் மூணு மொழியும் ஒண்ணா நிக்குது. யாரோ ஒரு பொம்பள காலைல எந்திரிச்சு தான் பெறாத புள்ளைக்கு தல வாரி விட்டு டிபன் கட்டிக் குடுத்துட்டு பேப்பரப் பிரிச்சா, அதுல அவ உறவே ஒரு வசவுச் சொல்லா கெடக்குது. எனக்கு இது ரொம்ப வலிக்கும்.

பஸ்ஸுல நடுவுல ஏறுறவரு

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். பாலக்காட்டுலருந்து பொள்ளாச்சி போற பஸ்ஸ நெனச்சுக்கோங்க. ஒரு அம்மாவும் பொண்ணும் ஸ்டாண்டுலயே ஏறி உக்காந்துட்டாங்க. பொண்ணுக்கு ஜன்னல் சீட்டு, நடுவுல பை, மடியில முறுக்குப் பொட்டலம், அவங்களுக்குள்ள ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு. வழியில சித்தூர்ல (ஆந்திரா சித்தூர் இல்ல, எங்க பாலக்காட்டு சித்தூர்) ஒருத்தர் ஏறுறாரு. அம்மாக்குத் தெரிஞ்சவரு, இனிமே கூடவே வரப்போறவரு. அவரு எங்க உக்காருவாரு? பைய எடுத்து மேல வெக்கணும், பொண்ணு கொஞ்சம் நகரணும். அவரு நல்லவரா கெட்டவராங்குறதே இதுல இன்னும் வரல, வெறும் எடப் பிரச்சினதான். அவரு தங்கமான மனுஷனா இருந்தாலும் பொண்ணு நகரத்தான் செய்யணும்.

எல்லாமே இந்த வரிசைதாங்க. சாதாரண குடும்பத்துல மொதல்ல புருஷன் பொண்டாட்டி, அவங்களுக்குள்ள ஒரு பழக்கம் வந்தப்புறம் குழந்தை. கலப்புக் குடும்பத்துல அது தலகீழ். அம்மா பொண்ணு உறவுக்கு ஒம்பது வயசு ஆகியிருக்கும், புருஷன் பொண்டாட்டி உறவுக்கு ஒரு மாசம்தான் ஆகியிருக்கும். அதனால வீட்டுக்குள்ள ஒருத்தர் எப்பவும் உள்ளாளா இருக்காங்க, இன்னொருத்தர் வெளியாளா நிக்கிறாங்க. குடும்ப ஆலோசகருங்க சொல்ற இன்சைடர், அவுட்சைடர் இதுதான். பேச்சு, ஜோக்கு, சாப்பாட்டு ருசி எல்லாம் உள்ளாளுங்களுக்குள்ள ஏற்கனவே செட்டானது, வெளியாளு ஒவ்வொண்ணா கத்துக்கணும்.

பாலக்காடு நெல்லு வெளையுற பூமி, அதனால இன்னொண்ணு சொல்றேன். நாத்தங்கால்ல இருந்து பிடுங்கி வயல்ல நட்ட ஒடனே நாத்து வாடிப்போய் மஞ்சளா நிக்கும். புதுசாப் பாக்குறவங்க செத்துருச்சுன்னே நெனப்பாங்க. வெவசாயி பயப்பட மாட்டாரு, "இன்னும் பச்ச பிடிக்கல, வேரு எறங்கட்டும்"னு தண்ணிய மட்டும் பாத்துக்குவாரு. நெல்லுக்கு ஒரு வாரம் பத்து நாள். குடும்பத்துக்கு? இந்த மாதிரிக் குடும்பங்களப் பத்தி ரொம்ப வருஷமா வேல பாத்த அமெரிக்க மனநல நிபுணர் பட்ரீஷியா பேப்பர்னோ சொல்றது, வேகமா செட் ஆகுற குடும்பத்துக்கே சுமார் நாலு வருஷம் ஆகுமாம், மத்தவங்களுக்கு அதுக்கும் மேல. நம்ம சொந்தக்காரங்க மூணாவது மாசமே வந்து "என்ன, புள்ள ஒட்டிக்கிச்சா"ன்னு கேப்பாங்க.

இதுவரைக்கும் சொன்னது இதுதான்: ஆளோட கொணத்துக்கு முன்னாடியே வரிசை ஒரு சிக்கலப் போட்டுருது, அந்தச் சிக்கல் தீர வருஷக்கணக்குல நேரம் வேணும்.

ரெண்டர மணி நேரப் படத்துக்கு இங்கதான் கஷ்டம். வருஷக்கணக்குல மெதுவா நடக்குறத காட்றத விட ஒரு வில்லியக் காட்றது லேசு.

கெட்ட சித்தி எங்கருந்து வந்தா

கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஸ்னோ ஒயிட் கதை, 1812ல வந்த மொதப் பதிப்புல அந்தப் பொண்ண கொல்லச் சொல்றது பெத்த அம்மாவேதான். 1819ல அடுத்த பதிப்பு வந்தப்ப அத மாற்றாந்தாய்னு மாத்திட்டாங்க. பெத்தவ இப்படிப் பண்ணுவாளான்னு கேள்வி வரக்கூடாது, அம்மாங்குற சொல்லு சுத்தமா இருக்கணும், அதுக்காக அழுக்க எல்லாம் இன்னொருத்தி தலையில கொட்டியாச்சு. வில்லி பொறந்தது இப்படித்தான்.

நம்ம பக்கம் கைகேயி இருக்கா. ஆனா கம்பன்லயே மந்தரை வந்து மனச மாத்துற வரைக்கும் ராமன் மேல உசுரையே வெச்சிருந்தவ அவ. குந்திய பத்தி யாராவது மாற்றாந்தாய்னு பேசிக் கேட்டிருக்கீங்களா? நகுலனும் சகாதேவனும் மாத்ரி புள்ளைங்க, வளத்தது குந்தி. யட்சன் வந்து செத்துக் கெடக்குற தம்பிங்கள்ல ஒருத்தருக்குத்தான் உயிர் தருவேன்னு சொல்றப்ப, தருமன் பீமனையும் அர்ஜுனனையும் விட்டுட்டு நகுலனக் கேக்குறான். எங்க அம்மா குந்திக்கு நான் ஒருத்தன் இருக்கேன், மாத்ரியம்மாவுக்கும் ஒரு புள்ள இருக்கட்டும்னு. கலப்புக் குடும்பத்தப் பத்தி நான் படிச்சதுல இவ்வளவு நியாயமான எடம் வேற இல்ல. இது நம்ம கைலயே இருந்தும் சினிமா எடுத்துக்கிட்டது என்னவோ கைகேயியத்தான்.

தமிழ் சினிமா ரெண்டு பக்கமும் போச்சு. 1966ல கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்த சித்தி படத்துல பத்மினி வயசான எம்.ஆர்.ராதாவுக்கு வாக்கப்பட்டு அவரு குழந்தைங்கள தாங்கு தாங்குன்னு தாங்குறாங்க. 1987ல பாக்யராஜோட எங்க சின்ன ராசா வந்துச்சு, அதுல சித்தி பாசமா நடிச்சு சொத்துக்காக மூத்தவன முட்டாளாவே வெச்சிருக்கா. அதே கதை இந்தியில பேட்டா, தெலுங்குல அப்பாயிகாருன்னு போய் அங்கயும் ஓடுச்சு.

ஒண்ணுல தெய்வம், இன்னொண்ணுல பேய். ரெண்டும் ஒரே தப்பத்தான் பண்ணுதுன்னு எனக்குத் தோணும். உள்ள வந்தவ நல்லவளா கெட்டவளான்னு மட்டும் கேக்குது. அந்தக் குழந்தைக்கு அன்னிக்கி ராத்திரி என்ன தோணியிருக்கும்னு கேக்கவே இல்ல. தெய்வமா காட்றதும் ஒரு பாரம்தாங்க. கழுத்துல தாலி ஏறுன நிமிஷமே பாசம் பொங்கணும்னு எதிர்பாப்பு வெச்சிட்டா, பொங்காத பொம்பள தன்னையே ராட்சசின்னு நெனச்சு ராத்திரி அழுவா.

சிரிச்சா தப்பா?

அந்தக் குழந்தை மனசுல நடக்குறதுக்கு ஒரு பேரு இருக்கு, விசுவாச இழுபறி. புதுசா வந்தவங்கள பிடிச்சிருச்சுன்னா பழைய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ துரோகம் பண்ண மாதிரி குழந்தைக்குத் தோணுறது. கவனிச்சுப் பாருங்க, பிடிக்காததால வர்ற பிரச்சின இல்ல இது, பிடிக்க ஆரம்பிக்கிறப்பதான் வரும்.

எங்க வீட்டு நடுவுல அப்பா போட்டோ, அதுக்கு மேல செவப்பு கலர்ல ஒரு குட்டி பல்பு. சித்தப்பா (அம்மா ரெண்டாவதா கட்டிக்கிட்டவரு, நான் அப்படித்தான் கூப்பிட்டேன்) பால் சொசைட்டியில பால் அளக்குற வேலையில இருந்தாரு. ராத்திரி சாப்பிடுறப்ப சொசைட்டிக்கு வந்த ஆளுங்க மாதிரி நடிச்சுக் காட்டுவாரு, நெசமாவே சிரிப்பு வரும். நான் சிரிச்சுருவேன், சிரிச்ச ஒடனே திரும்பி போட்டோவப் பாப்பேன். அப்புறம் சாப்பாடு எறங்காது. இது ஒரு வருஷத்துக்கு மேல நடந்துச்சு. அம்மா நான் மொரண்டு பிடிக்கிறேன்னு நெனச்சாங்க, பாட்டி "ரத்தம் ஒட்டாது"ன்னு முடிச்சுட்டாங்க. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா அந்த பல்பு எப்ப ஃபியூஸ் ஆனாலும் அம்மா பாக்குறதுக்கு முன்னாடி அவரு புதுசு வாங்கி மாட்டியிருப்பாரு. அது எனக்கு என்ன பண்ணுச்சுன்னு சொல்ல அப்ப வார்த்த இல்ல, இப்ப சொல்றேன், உங்க அப்பாவ நீ வெச்சுக்கோ, நான் எடுத்துட்டுப் போக வரலன்னு அவரு சொன்னது அப்படித்தான்.

இத அப்படியே காட்டுன படம் 1998ல வந்த ஸ்டெப்மாம். ஜூலியா ராபர்ட்ஸ் புதுசா வர்றவங்க, சூசன் சரண்டன் பெத்த அம்மா, அவங்களுக்கு கேன்சர். சின்னப் பையன் அம்மாகிட்ட சொல்லுவான், நீ சொன்னா நான் அவங்கள வெறுக்குறேன்னு. நான் அந்த எடத்துல டிவிய நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். இழுபறின்னா என்னன்னு யாருக்காவது சொல்லிக் குடுக்கணும்னா அந்த ஒரு வரி போதும்.

சுருக்கமா: குழந்தை தள்ளி நிக்கிறது பல நேரம் வெறுப்பு இல்ல, காவல். பழைய உறவுக்கு எடம் பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சாதான் அது நகந்து வரும்.

புதுப் படங்க எங்க தேறுது, எங்க வழுக்குது

நம்ம ஊருப் படங்கள்ல ஒரு வசதியப் பாருங்க, பழைய பொண்டாட்டி இல்ல புருஷன் பெரும்பாலும் செத்துப் போயிருப்பாங்க. 2000ல வந்த ரிதம்ல அர்ஜுன், மீனா ரெண்டு பேரோட துணையும் ஒரே ரயில் விபத்துல போயிடுறாங்க. 2015ல வந்த என்னை அறிந்தால்ல த்ரிஷா கொல்லப்பட்டதும் அவங்க பொண்ணு ஈஷாவ அஜித் வளக்குறாரு. அந்த அப்பா மக உறவு எனக்கு ரொம்பப் பிடிக்கும், வேலைய விட்டுட்டு அவளக் கூட்டிக்கிட்டு ஊரு ஊராப் போறாரு, பாசத்துக்கு முன்னாடி நேரத்தக் குடுக்கணும்னு அந்தப் படத்துக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா விவாகரத்தாகி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து புள்ளைய கூட்டிட்டுப் போற அப்பா ஒருத்தர் உசுரோட இருந்தா அந்த வீடு எப்படி ஓடும்? அந்தக் கதைக்கு நம்ம சினிமா இன்னும் சரியா வரல.

2020ல வந்த மலையாளப் படம் வரனே ஆவஸ்யமுண்டு வேற ஒரு கதவத் திறந்துச்சு. சென்னையில நடக்குற கதை, ஷோபனாவுக்கு வளந்த பொண்ணு, அம்மாவுக்கு சுரேஷ் கோபி மேல ஒரு பிரியம் வர்றத பொண்ணால ஏத்துக்க முடியல. கல்யாண வயசுல இருக்குற புள்ளைக்கும் இந்த இழுபறி வரும்னு காட்டுனது பெரிய விஷயம்.

தெலுங்குல 2023ல நானி நடிச்சு ஹாய் நான்னா, தமிழ்ல ஹாய் பப்பா. பாக்காதவங்க இந்தப் பத்திய தாண்டிருங்க. அப்பாவும் பொண்ணும் தனியா வாழ்றாங்க, ஒரு பொண்ணு உள்ள வர்றா, குழந்தை அவகிட்ட ஒட்டிக்குது. ஆகா, பெறாதவ ஒருத்தி மெல்ல மெல்ல அம்மா ஆகப்போறான்னு நான் நிமிந்து உக்காந்தேன். கடைசியில பாத்தா அவதான் பெத்தவளே, ஞாபகம் போயிருக்கு. படம் அழகா எடுத்திருக்காங்க, அழுதேன், ஆனா வீட்டுக்கு வர்ற வழியில மனசு கேக்கல. ஒட்டிக்கிட்டதுக்கு ரத்தம்தான் காரணம்னு ஆயிருச்சே. எங்க பாட்டி சொன்னதே சரின்னு ஆயிருச்சே.

என்னைக் கேட்டா இந்த விஷயத்துல நம்ம பக்கத்துலருந்து வந்த படங்கள்ல ஆழமா போனது 2019ல வந்த கும்பளங்கி நைட்ஸ்தான். ஷ்யாம் புஷ்கரன் எழுத்து, மது சி.நாராயணன் டைரக்‌ஷன். அந்த அண்ணன் தம்பி நாலு பேருக்கும் ஒரே அப்பா அம்மா இல்ல. அப்பா இல்ல, அம்மாவும் வீட்டுல இல்ல. கதவில்லாத ஒரு வீடு, தெனமும் அடிதடி, சின்னவன் பிராங்கிக்கு அந்த வீட்டப் பத்திப் பேசவே வெக்கம். இவங்கள ஒட்ட வெக்கிறது எந்தப் பெரிய தியாகமும் இல்ல. மூத்தவன் சஜிக்கு மனசு ஒடஞ்சு போனப்ப தம்பி பிராங்கி அவன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறான். பச்ச பிடிக்கிறது இதுதான்.

அதே படத்துல எதிர்ப்பக்கம் ஷம்மி. பகத் பாசில் பண்ண கேரக்டர். பொண்டாட்டி வீட்டுல அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் இருந்த எடத்துல மாப்பிள்ளையா வந்து சேர்றான். மாற்றாந்தகப்பன் இல்லதான், ஆனா ஏற்கனவே ஒரு பழக்கத்துல ஓடுற வீட்டுக்குள்ள நடுவுல ஏறுறவன். ஏறுன ஒடனே டிரைவர் சீட்டு கேக்குறான். பழக்கம் வர்றதுக்கு முன்னாடி அதிகாரம். வெளியாளா வர்றவங்க பண்ணவே கூடாத காரியம் அது, சித்தப்பாவா வந்தாலும் சரி, சித்தியா வந்தாலும் சரி, கண்டிக்கிற வேலைய மொதல் சில வருஷம் பெத்தவங்ககிட்டயே விட்டுடணும்னு ஆலோசகருங்க சொல்றது இதனாலதான்.

பேப்பர்ல இல்லாத உறவு

சினிமா பெரும்பாலும் தொடாத ஒரு மூலை இருக்கு. 1978ல ஆண்ட்ரூ செர்லின்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞர் மறுமணத்த முழுசா அமையாத அமைப்புன்னு சொன்னாரு. அதாவது மொதக் கல்யாணத்துக்கு யாரு யாருக்கு என்னன்னு வழக்கம், சொல்லு, சட்டம் எல்லாம் ரெடியா இருக்கு, இதுக்கு அப்படி இல்ல, ஒவ்வொரு வீடும் தானே கண்டுபிடிச்சுக்கணும்.

நம்ம நாட்டுலயும் அதுதான். 1956ம் வருஷத்து இந்து மைனர், கார்டியன் சட்டத்துல இயற்கையான கார்டியன் யாருன்னு சொல்ற எடத்துல, அப்பா அம்மாங்குறதுல மாற்றாந்தகப்பனும் மாற்றாந்தாயும் சேர மாட்டாங்கன்னு எழுதியே இருக்கு. பத்து வருஷம் வளத்தாலும் சட்டப்படி தத்தெடுக்கலன்னா அந்த உறவுக்குப் பேப்பர்ல பிடிமானம் கம்மி. 12 வருஷமா அதே நடிகர்கள வெச்சு எடுத்து 2014ல வந்த பாய்ஹூட் படத்துல இது தெரியும், அம்மா குடிகார ரெண்டாம் புருஷன்கிட்ட இருந்து புள்ளைங்களோட தப்பிச்சு ஓடுறா, அவரோட குழந்தைங்க அங்கயே நின்னுருதுங்க. நேத்து வரைக்கும் ஒண்ணா வெளையாடுன அண்ணன் தங்கச்சி, இன்னிக்கி ஒண்ணுமே இல்ல.

நமக்கு இது இனிஷியல்ல வந்து முட்டும். எந்த எழுத்துப் போடுறது? பள்ளிக்கூடத்துல ஒரு தடவ கிளாஸ் நடுவுலயே "இனிஷியல் ஒண்ணு, கையெழுத்துப் போட்டவரு பேரு ஒண்ணு, இவரு யாரு"ன்னு கேட்டாங்க, நாப்பது புள்ளைங்க திரும்பிப் பாத்துச்சு. ஆந்திராவுலருந்து போன ஒரு கேஸ்ல 2022ல உச்ச நீதிமன்றம், மறுமணம் பண்ண அம்மாவுக்கு புள்ளையோட குடும்பப் பேர முடிவு பண்ற உரிமை உண்டுன்னு சொல்லுச்சு. அம்மாவோட புது புருஷன மாற்றாந்தகப்பன்னு குறிச்சே ஆகணும்னு ஹைகோர்ட் போட்டிருந்த உத்தரவு குழந்தை மனச யோசிக்காத கொடுமைன்னும் கண்டிச்சுது. அதப் படிச்சப்ப எனக்கு அந்தக் கிளாஸ் ரூம்தான் ஞாபகம் வந்துச்சு.

நான் அப்பா இனிஷியலத்தான் இன்னிக்கும் போடுறேன். சித்தப்பாவ அப்பான்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல, அவரும் கேட்டதில்ல. என் கல்யாணப் பத்திரிக்க எங்க ஊரு வழக்கப்படி ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். பிரஸ்காரர் பேனாவ வெச்சுக்கிட்டு "சித்தப்பான்னு போடவா, மலையாளத்துல ரெண்டானச்சன்னு போடவா"ன்னு கேட்டாரு. அம்மா என்னப் பாத்தாங்க. உறவே போட வேண்டாம், மூணு பேரையும் வரிசையா போடுங்க, அப்பா பேருக்கு முன்னாடி அமரர், அவ்வளவுதான்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு ப்ரூஃப் வந்துச்சு. சித்தப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசல் வெளிச்சத்துல உக்காந்து ரெண்டு பக்கமும் படிச்சாரு, மலையாளப் பக்கத்துல எங்க அப்பா பேருல ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு, நாங்க யாரும் கவனிக்கல, சொசைட்டி செவப்புப் பேனாவால அத வட்டம் போட்டு, பக்கத்துல சரியா எழுதி, அன்னிக்கே பிரஸ்ஸுக்கு எடுத்துட்டுப் போனாரு.